வீட்டு பீர் கிட்: கடைசியில் போடும் ஒரு ஸ்பூன் சர்க்கரை பாட்டிலை வெடிக்க வைப்பது எப்படி? தமிழ்நாட்டில் இது குற்றமா?

ஒரு டப்பா மால்ட் சாறு, ஒரு பாக்கெட் ஈஸ்ட், ஒரு பிளாஸ்டிக் வாளி. 'மூணே வாரத்துல வீட்லயே பீர் ரெடி' என்று வெளிநாட்டு வீடியோக்கள் மொபைலில் வரிசையாக வந்து நிற்கின்றன. பார்க்க எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த வீடியோக்கள் பெரும்பாலும் 20 டிகிரி குளிரில், சட்டம் அனுமதித்த நாட்டில் எடுக்கப்பட்டவை.

அதையே கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் தகர ஷீட் போட்ட வாடகை அறையில், மே மாத வெயிலில் செய்து பார்த்தால் என்ன ஆகும்? பாட்டில் வெடிக்கலாம், வழக்கும் பாயலாம். இந்த இரண்டும் ஏன் நடக்கின்றன என்பதை விளக்குகிறது இந்தக் கட்டுரை.

சுருக்கமாக:

• பீரில் நுரையும் வாயுவும் வர, பாட்டிலை மூடுவதற்கு முன் கொஞ்சம் சர்க்கரை சேர்ப்பார்கள். இதற்குப் பெயர் 'பிரைமிங்'.
• சர்க்கரை அளவு தவறினாலோ, நொதித்தல் முடியும் முன் மூடினாலோ, கண்ணாடி பாட்டில் வெடிக்கும்.
• 20 டிகிரியில் இருக்கும் பாட்டிலை 40 டிகிரி வெப்பத்தில் வைத்தால் உள்ளே அழுத்தம் ஏறத்தாழ இரு மடங்காகிறது.
• தமிழ்நாட்டில் உரிமம் இல்லாமல் வீட்டில் பீர் தயாரிப்பது குற்றம். சொந்தமாகக் குடிக்கத்தான் என்றாலும் விலக்கு இல்லை.

பீர் கிட் என்றால் என்ன?

பார்லியை முளைகட்டி, காயவைத்து, சாறு எடுத்து, பாகு போலச் சுண்டக் காய்ச்சி டப்பாவில் அடைத்து விற்பார்கள். பீருக்குக் கசப்பு தரும் ஹாப்ஸ் அதிலேயே சேர்ந்திருக்கும். ஒரு டப்பா பொதுவாக 1.5 முதல் 1.7 கிலோ. அதோடு சுமார் 1 கிலோ சர்க்கரை சேர்த்து, தண்ணீர் ஊற்றி 23 லிட்டர் ஆக்கி, ஈஸ்ட் தூவி மூடி வைப்பார்கள்.

ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று இரண்டு பொருட்களைத் தரும். ஒன்று ஆல்கஹால், இன்னொன்று கரியமில வாயு. வெயில் காலத்தில் இட்லி மாவு பாத்திரத்தைத் தாண்டிப் பொங்குவதும் நுண்ணுயிர்கள் வெளியிடும் வாயுவால்தான். பனை மரத்தில் கட்டும் கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் கள் என்பதும் இதே கணக்குதான். சுண்ணாம்பு நொதித்தலைத் தடுக்கிறது.

வாளியின் மூடியில் வாயு மட்டும் வெளியேற ஒரு சின்ன குழாய் இருக்கும். அதனால் அந்தக் கட்டத்தில் வெடிக்கும் ஆபத்து குறைவு. பிரச்சினை அடுத்த கட்டத்தில்தான்.

நொதித்து முடிந்த பீரில் மறுபடியும் ஏன் சர்க்கரை?

ஒன்று, இரண்டு வாரத்தில் ஈஸ்ட் தன்னால் தின்ன முடிந்த சர்க்கரையை எல்லாம் தின்று முடித்துவிடும். வாயுவில் பெரும்பகுதி வெளியேறிவிடும். மிச்சம் இருப்பது சப்பென்ற ஒரு திரவம். ஊற்றினால் நுரை வராது.

அதில் அளந்து கொஞ்சம் சர்க்கரை சேர்த்து பாட்டிலில் ஊற்றி இறுக மூடினால், மிச்சமிருக்கும் ஈஸ்ட் மறுபடி வேலையைத் தொடங்கும். இந்த முறை வாயு வெளியேற வழி இல்லை. அதனால் பீரிலேயே கரைந்துவிடும். மூடியைத் திறக்கும்போது வரும் 'புஸ்' சத்தம் அதுதான். இந்தச் சர்க்கரையால் ஆல்கஹால் கூடுவது அரை சதவீதத்துக்கும் குறைவு. போதைக்காகச் சேர்ப்பது இல்லை, வாயுவுக்காகத்தான்.

எவ்வளவு சர்க்கரை? இதுதான் கணக்கு

பீரில் உள்ள வாயுவை 'வால்யூம்' என்ற அளவில் சொல்வார்கள். ஒரு லிட்டர் பீரில் ஒரு லிட்டர் வாயு கரைந்திருந்தால் அது 1 வால்யூம். சாதாரண பீருக்கு 2.2 முதல் 2.6 வால்யூம் வரை தேவை.

• நொதித்து முடிந்த பீரில் 20 டிகிரியில் ஏற்கெனவே சுமார் 0.85 வால்யூம் வாயு இருக்கும்.
• ஒரு லிட்டரில் 1 வால்யூம் கூட்ட, சுமார் 4 கிராம் சாதாரண வெள்ளைச் சர்க்கரை போதும்.
• 2.4 வால்யூம் வேண்டும் என்றால் லிட்டருக்கு சுமார் 6 கிராம். 23 லிட்டருக்கு சுமார் 135 கிராம்.

650 மி.லி. பாட்டில் ஒன்றுக்குக் கணக்குப் போட்டால் வெறும் 4 கிராம். அதாவது டீஸ்பூனில் தலை தட்டி ஒரு ஸ்பூன். 'கொஞ்சம் தூக்கலா இருக்கட்டுமே' என்று இன்னொரு ஸ்பூன் போட்டால் அளவு இரு மடங்காகிவிடும். அதனால்தான் இதைக் கண்ணால் பார்த்துப் போடக் கூடாது, தராசில் நிறுத்துதான் போட வேண்டும் என்கிறார்கள்.

அனுமதி உள்ள நாடுகளில் எப்படிச் செய்கிறார்கள்?

பிரிட்டன், அமெரிக்கா, சிங்கப்பூர் போன்ற இடங்களில் இது சட்டப்படியான பொழுதுபோக்கு. அங்கே பின்பற்றும் வரிசை இது:

1. நொதித்தல் முடிந்ததா என்று பார்ப்பது. குமிழி நின்றுவிட்டால் முடிந்துவிட்டது என்று அர்த்தம் இல்லை. திரவத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரை மிதக்கவிடுவார்கள். தொடக்கத்தில் 1.040-க்கு மேல் இருக்கும் எண் 1.010-க்குப் பக்கத்தில் வந்து, இரண்டு மூன்று நாட்கள் அசையாமல் நிற்க வேண்டும்.

2. பாட்டில்களைக் கழுவிக் கிருமி நீக்குவது. அடியில் அழுக்கு ஒட்டியிருந்தால் வேறு நுண்ணுயிர்கள் வளரும். அவை ஈஸ்ட் விட்டுவைத்த சர்க்கரையையும் தின்று கூடுதல் வாயு உண்டாக்கும்.

3. சர்க்கரையை நிறுத்து, கொஞ்சம் தண்ணீரில் கொதிக்க வைத்துப் பாகாக்கி, ஆறவைத்து இன்னொரு சுத்தமான வாளியில் ஊற்றுவது.

4. அதன் மேல் பீரைக் குழாய் வழியே மெல்ல இறக்குவது. அடியில் தங்கிய ஈஸ்ட் வண்டலைக் கலக்க மாட்டார்கள். சலசலவென்று ஊற்றவும் மாட்டார்கள். காற்று கலந்தால் ருசி கெடும்.

5. பாட்டிலில் நிரப்பும்போது மேலே சுமார் ஓர் அங்குலம் இடம் விடுவது. பிறகு புது மூடியை அழுத்தி அடைப்பது.

6. 20 டிகிரி அளவில், இருட்டான இடத்தில் இரண்டு வாரம் வைத்து, அதன் பிறகு குளிர்விப்பது.

பாட்டில் பாட்டிலாகச் சர்க்கரை போடாமல் மொத்தமாகப் பாகு கலப்பதற்குக் காரணம் உண்டு. அப்போதுதான் எல்லா பாட்டிலுக்கும் ஒரே அளவு போகும். பாகு சரியாகக் கலக்கவில்லை என்றால் ஒரு பாட்டில் சப்பென்று இருக்கும், பக்கத்துப் பாட்டில் வெடிக்கத் தயாராக இருக்கும்.

பாட்டில் ஏன் வெடிக்கிறது?

முதல் காரணம், அவசரம். நொதித்தல் முடியும் முன் மூடினால், பீரில் மிச்சமிருக்கும் சர்க்கரையும் பிரைமிங் சர்க்கரையும் சேர்ந்து வேலை செய்யும். ஹைட்ரோமீட்டரில் வெறும் 4 புள்ளி, அதாவது 1.014-க்கும் 1.010-க்கும் உள்ள வித்தியாசம், பாட்டிலுக்குள் சுமார் 2 வால்யூம் வாயுவைக் கூட்டிவிடும். தேவையான அளவே 2.4தான் என்பதை நினைவில் வையுங்கள்.

இரண்டாவது, அளவு மீறிய சர்க்கரை.

மூன்றாவது, தவறான பாட்டில். ஒயின் பாட்டில், ஜாம் பாட்டில், அலங்காரக் கண்ணாடி பாட்டில் எதுவும் அழுத்தம் தாங்குவதற்காகச் செய்தவை அல்ல. பழைய பீர் பாட்டிலிலும் கீறல், வாய்ப்பகுதியில் சின்ன உடைசல் இருந்தால் அந்த இடத்தில்தான் முதலில் விரிசல் விடும்.

நான்காவது, வெயில். நம் ஊருக்கு இதுதான் முக்கியம்.

திருவள்ளூர் வெயிலில் என்ன நடக்கும்?

கோடையில் தமிழ்நாட்டின் வெப்பப் பட்டியலில் திருத்தணி பெயர் வருவது வழக்கம். 40 டிகிரியைத் தாண்டுவது அங்கே புதிது இல்லை. ஆஸ்பெஸ்டாஸ், தகர ஷீட் போட்ட அறைகளில் புழுக்கம் இன்னும் அதிகம்.

சூடான திரவத்தில் வாயு கரைந்து நிற்காது. வெளியே வரப் பார்க்கும். சூடான சோடாவைத் திறந்தால் பீறிட்டு அடிப்பது அதனால்தான். சரியான அளவில், அதாவது 2.4 வால்யூம் வாயு உள்ள ஒரு பாட்டிலையே எடுத்துக்கொள்வோம்:

• 20 டிகிரியில் உள்ளே அழுத்தம் சுமார் 26 பி.எஸ்.ஐ. கார் டயரில் அடிக்கும் காற்றை விடக் குறைவு.
• 40 டிகிரியில் அதே பாட்டிலில் சுமார் 50 பி.எஸ்.ஐ.
• சர்க்கரையை இரு மடங்கு போட்ட பாட்டில் என்றால், 40 டிகிரியில் 90 பி.எஸ்.ஐ.யைத் தாண்டிவிடும்.

டயர் ரப்பர், கிழியும். இது கண்ணாடி, சில்லு சில்லாகச் சிதறும். ஒரு பாட்டில் வெடித்தால் அந்த அதிர்ச்சியில் பக்கத்தில் உள்ளவையும் வெடிக்கலாம். வேலை முடிந்து நான்கைந்து பேர் ஒன்றாகப் படுத்துத் தூங்கும் அறையில், கட்டிலுக்கு அடியில் இப்படி 30 பாட்டில் இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

இன்னொன்று, ருசியும் போய்விடும். பெரும்பாலான கிட் ஈஸ்ட்கள் 18 முதல் 22 டிகிரி வரை நன்றாக வேலை செய்பவை. 35 டிகிரியில் அவை வேகமாக நொதிக்கும், ஆனால் பெயின்ட் தின்னர் போன்ற காட்டமான வாடை வரும்.

கடை பீர் மட்டும் ஏன் வெடிப்பதில்லை?

பீர் ஆலைகள் திருவள்ளூர் மாவட்டத்துக்குப் புதிது இல்லை. குத்தம்பாக்கம், ஆரண்வாயல் பகுதிகளில் உரிமம் பெற்ற ஆலைகள் இயங்குகின்றன. பெரிய ஆலைகளில் பொதுவாக பிரைமிங் கிடையாது. ஈஸ்டை வடிகட்டிவிட்டு, வாயுவை இயந்திரத்தால் அளந்து ஏற்றுவார்கள். பாட்டிலை மூடிய பின் சுமார் 60 டிகிரியில் சூடுபடுத்தி மிச்சமிருக்கும் நுண்ணுயிர்களையும் அழிப்பார்கள். அதன் பிறகு பாட்டிலுக்குள் புதிதாக வாயு உருவாகாது.

நம்ம ஊர் கோலி சோடாவும் இதே முறைதான். பிரிட்டனைச் சேர்ந்த ஹைரம் காட் 1870-களில் காப்புரிமை பெற்ற அந்த பாட்டிலில், வெளியிலிருந்து ஏற்றும் வாயுவின் அழுத்தமே கோலியை வாயில் தள்ளி அடைக்கிறது. அளந்து ஏற்றிய வாயு அளந்தபடியே இருக்கும். ஆனால் வீட்டில் பிரைமிங் செய்த பாட்டிலுக்குள் ஈஸ்ட் உயிரோடு இருக்கிறது. சர்க்கரை இருக்கும் வரை அது நிறுத்தாது.

இது கள்ளச்சாராயம் போல உயிரைப் பறிக்குமா?

பலருக்கும் வரும் சந்தேகம் இது. 2023 மே மாதம் விழுப்புரம், செங்கல்பட்டு மாவட்டங்களில் 20-க்கும் மேற்பட்டோரும், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோரும் உயிரிழந்தார்கள். அவற்றுக்குக் காரணம் மெத்தனால். அது தொழிற்சாலைகளில் பயன்படுத்தும் ரசாயனம்.

மால்ட் சாற்றையும் சர்க்கரையையும் ஈஸ்ட் நொதிக்க வைக்கும்போது ஆபத்தான அளவில் மெத்தனால் உருவாவதில்லை. அந்த வகையில் பீர் கிட்டும் விஷச் சாராயமும் ஒன்று இல்லை. ஆனால் 'வீட்ல செஞ்ச பீர்', 'வீட்ல செஞ்ச சரக்கு' என்று சொல்லி யாரோ விற்கும் பாட்டிலில் என்ன கலந்திருக்கிறது என்பது பார்த்தாலோ மோந்தாலோ தெரியாது. மெத்தனாலுக்குத் தனி நிறமும் கிடையாது. தொழிற்பேட்டைப் பகுதியில் இருப்பவர்கள் இதை மறக்கவே கூடாது.

குடித்த பின் கண் மங்கல், வாந்தி, கடும் வயிற்றுவலி, மூச்சுத் திணறல் வந்தால் 'போதை தெளியட்டும்' என்று காத்திருக்க வேண்டாம். மெத்தனால் அறிகுறிகள் பல மணி நேரம் தாமதமாகத்தான் தெரியும். உடனே 108-ஐ அழையுங்கள்.

தமிழ்நாட்டில் சட்டம் என்ன சொல்கிறது?

இங்கே நடைமுறையில் இருப்பது 1937-ம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம். ராஜாஜி சென்னை மாகாணப் பிரதமராக இருந்தபோது, 1937 அக்டோபர் 1-ம் தேதி சேலம் மாவட்டத்தில் முதலில் அமலுக்கு வந்தது. அதன் பிறகு பலமுறை திருத்தப்பட்டது. இப்போது டாஸ்மாக் கடைகள் இயங்குவதும் இந்தச் சட்டத்தின் கீழ் தரப்படும் உரிமங்களால்தான்.

பலர் நினைப்பது: 'டாஸ்மாக்ல வாங்கிக் குடிக்கலாம்னா, நானே செஞ்சு குடிச்சா என்ன தப்பு?' சட்டம் அப்படிப் பார்க்கவில்லை.

• ஆல்கஹால் கலந்த எல்லாத் திரவமும் சட்டத்தின் பார்வையில் மதுதான். பீர், ஒயின், கள் எல்லாமே இதில் அடக்கம்.
• உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது 4-வது பிரிவின் கீழ் குற்றம். விற்பனைக்கா, சொந்த உபயோகத்துக்கா என்ற வித்தியாசம் தயாரிப்புக்கு இல்லை.
• மது தயாரிப்பதற்கான பொருள், பாத்திரம், கருவி வைத்திருப்பதும் அதே பிரிவில் வருகிறது. அதாவது, பீர் ஊற்றிய பாட்டில் கிடைக்காவிட்டாலும் நொதிக்கும் வாளி போதும்.
• தன் பொறுப்பில் உள்ள இடத்தில் இதை அனுமதிப்பதும் குற்றப் பட்டியலில் உண்டு. 'செஞ்சது அவன், ரூம் மட்டும்தான் என்னோடது' என்ற பதில் எடுபடாமல் போகலாம்.

கள்ளக்குறிச்சி சம்பவத்துக்குப் பின், 2024 ஜூன் 29-ம் தேதி சட்டப்பேரவையில் நிறைவேறிய திருத்தம் தண்டனைகளைக் கடுமையாக்கியது. சட்டவிரோத மதுவால் உயிரிழப்பு ஏற்பட்டால் ஆயுள் தண்டனையும், 10 லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதமும் விதிக்க அதில் இடம் உண்டு.

கும்மிடிப்பூண்டிக்கு இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ஆந்திர எல்லை கூப்பிடு தூரம். அந்தப் பக்கம் தயாரித்ததை இந்தப் பக்கம் கொண்டு வரலாமே என்று நினைப்பதும் தவறு. வெளி மாநிலத்திலிருந்து அனுமதியின்றி மது கொண்டு வருவதும் குற்றம்தான். எளாவூர் சோதனைச் சாவடி இருப்பது இதுபோன்ற கடத்தலைப் பிடிக்கவும்தான்.

வெளிநாட்டில் உள்ள தமிழர்களுக்கு என்ன விதி?

• பிரிட்டன்: வீட்டு பீருக்கான உரிமம் 1963-ல் நீக்கப்பட்டது. சொந்த உபயோகத்துக்குச் செய்யலாம், விற்கக் கூடாது.
• அமெரிக்கா: 1978-ல் மத்திய சட்டம் அனுமதித்தது. இரண்டு பெரியவர்கள் உள்ள வீட்டில் ஆண்டுக்கு 200 கேலன் வரை. கடைசியாக மிசிசிப்பி, அலபாமா மாநிலங்கள் 2013-ல்தான் அனுமதித்தன.
• சிங்கப்பூர்: 18 வயது நிரம்பியவர்கள், ஒரு வீட்டுக்கு மாதம் 30 லிட்டர் வரை சொந்த உபயோகத்துக்கு. காய்ச்சி வடிக்கக் கூடாது, விற்கக் கூடாது.

அங்கே இருக்கும் சொந்தக்காரர் ஊருக்கு வரும்போது 'ஒரு கிட் வாங்கிட்டு வரட்டுமா' என்று கேட்டால், என்ன பதில் சொல்வது என்பது இப்போது உங்களுக்குத் தெரியும்.

இஞ்சி பீர், கொம்புச்சா செய்பவர்களும் கவனிக்க

'நாங்க பீர் எல்லாம் செய்யறதில்ல' என்பவர்களும் இதைப் படிக்க வேண்டும். ஈஸ்ட் போட்ட இஞ்சி பானம், கொம்புச்சா, கிறிஸ்துமஸுக்கு ஊறப்போடும் திராட்சை ஒயின் எல்லாவற்றிலும் இதே வாயுதான். சொல்லப்போனால் இஞ்சி பானத்தில் ஆபத்து அதிகம். இனிப்புக்காக லிட்டருக்கு 100 கிராம் சர்க்கரை போட்டால், அது முழுவதும் நொதித்தால் 25 வால்யூமுக்கு மேல் வாயு வரும். அதைத் தாங்கும் சாதாரணக் கண்ணாடி பாட்டில் எதுவும் இல்லை. ஒயின் என்றால் மேலே சொன்ன சட்டமும் பொருந்தும்.

• நொதிக்கும் எதையும் இறுக மூடிய கண்ணாடி பாட்டிலில் வெளியே வைக்காதீர்கள்.
• குளிர்பானம் வந்த பிளாஸ்டிக் பாட்டில் பாதுகாப்பானது. அமுக்கிப் பார்த்து கல் போல இறுகியிருந்தால் உடனே ஃபிரிட்ஜில் வையுங்கள்.
• குளிரில் ஈஸ்ட் மந்தமாகும், ஆனால் சாகாது. வெளியே எடுத்து வைத்தால் மறுபடி தொடங்கும்.

பாட்டில் வெடிக்கும் போல இருந்தால்?

மூடி உப்பியிருக்கிறது, ஓரத்தில் கசிகிறது, பக்கத்துப் பாட்டில் ஏற்கெனவே வெடித்துவிட்டது. இப்படி எது நடந்தாலும்:

• குழந்தைகளை அறையை விட்டு வெளியே அனுப்புங்கள். பாட்டிலை எட்டிப் பார்க்க வேண்டாம், குலுக்க வேண்டாம்.
• தடிமனான போர்வை அல்லது சாக்கை மேலே போட்டு மூடுங்கள். வெயில் படாமல் தடுத்து, அறையைக் குளிர வையுங்கள்.
• தொட்டே ஆக வேண்டும் என்றால் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, கைக்குத் தடித்த கையுறை, முழுக்கைச் சட்டை. பல தொழிற்சாலைகளில் தரும் பாதுகாப்புக் கண்ணாடி இதற்குப் போதும்.
• கண்ணில் சில்லு பட்டால் தேய்க்காதீர்கள், நீங்களே பிடுங்காதீர்கள். கண்ணை அழுத்தாமல் ஒரு பேப்பர் கப்பைக் கவிழ்த்து மூடி, உடனே மருத்துவமனைக்குப் போங்கள். திருவள்ளூரில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும், சென்னை எழும்பூரில் அரசு கண் மருத்துவமனையும் உள்ளன.

உங்கள் பகுதியில் சட்டவிரோதமாக மது தயாரிப்பதோ விற்பதோ தெரிந்தால், கட்டணமில்லா எண் 10581-ல் புகார் சொல்லலாம்.

வீடியோவில் மூன்று நிமிடத்தில் முடியும் விஷயம்தான். ஆனால் அந்த வீடியோ எடுத்தவர் வீட்டில் 40 டிகிரி வெயிலும் இல்லை, 1937-ம் ஆண்டுச் சட்டமும் இல்லை. நம்மிடம் இரண்டும் இருக்கின்றன.

(மது வீட்டுக்கும் நாட்டுக்கும் உயிருக்கும் கேடு.)